கியர் பாக்ஸை இறக்கச் சொன்னார்கள்: ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவம்

என்னுடைய கார் 2010ஆம் ஆண்டு தயாரான பெட்ரோல் செடான். நான்கு கியர்களும், எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியர்களுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரும் உள்ள பழைய வகை ஆட்டோமேட்டிக். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கும் கிண்டியிலிருந்து தாம்பரத்துக்கும் ஓடுவதுதான் அதன் அன்றாட வேலை. காலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மாலையில், அதுவும் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு, ‘டொக்’ என்று ஓர் இடி இடிக்கும். அதன்பின் வண்டி மூன்றாவது கியரை விட்டு மேலேயும் போகாது, கீழேயும் இறங்காது. சிக்னலில் நின்று கிளம்பும்போது மூச்சு வாங்குவதுபோல் இழுக்கும். பின்னால் நிற்பவர்கள் ஹாரனை விட்டுக் கையை எடுக்க மாட்டார்கள். ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் சில கிலோமீட்டர் ஓடும். பிறகு மீண்டும் அதே இடி. இப்படிப்பட்ட வண்டியில் வீட்டாரை ஏற்றிக்கொண்டு வெளியூர் போகிறவனுக்கு எஃப்எம் கேட்கக்கூட மனம் வராது. காது முழுக்கக் கியர் பாக்ஸிலேயே இருக்கும்.

வீட்டுக்கு அருகில் வழக்கமாக விடும் ஒர்க்ஷாப்பில்தான் முதலில் காட்டினேன். அவர்கள் ஒரு சிறிய ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள். திரையில் பி0700 என்று வந்தது. “சார், கியர் பாக்ஸ் கோடு வந்திருக்கு. உள்ளே கிளட்ச் பிளேட் போயிடுச்சு. இப்போதைக்கு ஆயில் மாத்திப் பார்க்கலாம், சரியாகலேன்னா இறக்கணும்” என்றார் மெக்கானிக். ஆயில் மாற்றியதற்கு 6,900 ரூபாய் ஆனது. கோளாறு அப்படியே இருந்தது. போதாக்குறைக்கு, கியர் மாறும்போது முன்பு இல்லாத ஒரு மெல்லிய அதிர்வும் சேர்ந்துகொண்டது.

பி0700 என்றால் என்னவென்று அன்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும். அது கோளாறின் பெயரே அல்ல. கியர் பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கணினி தன் நினைவில் ஒரு பிழைக் குறியீட்டைப் பதிந்து வைத்திருக்கிறது என்று எஞ்சின் கணினிக்குத் தரும் தகவல் மட்டுமே. உண்மையான குறியீடு கியர் பாக்ஸ் கணினிக்குள் இருக்கும். அதைப் படிக்க அந்தக் கணினியோடு பேசத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் கருவிகள் பலவும் எஞ்சினோடு நின்றுவிடும். ஆகவே ‘கோடு வந்திருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், எந்தக் கணினியிலிருந்து, எந்த எண் என்று கேட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எழுதி வாங்குவதற்கு முன் குறியீட்டை அழிக்கவோ பேட்டரி இணைப்பைக் கழற்றவோ விடக் கூடாது. பிழை வந்த நேரத்தில் ஆயில் எவ்வளவு சூடாக இருந்தது, வண்டி என்ன வேகத்தில் போனது என்பன போன்ற விவரங்கள் சில வண்டிகளில் குறியீட்டோடு சேர்ந்து பதிவாகியிருக்கும். அழித்தால் அவையும் போய்விடும்.

ஆயில் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில் பெரும்பாலும் பார்ப்பதற்குச் சிவப்பாகத்தான் இருக்கும். ஆனால் டெக்ஸ்ரான், மெர்கான், எஸ்பி-3 என்று ஒவ்வொன்றுக்கும் தர வரையறை வேறு, கிளட்ச் பிளேட்டுகளுக்கு இடையே அது தரும் உராய்வுத் தன்மையும் வேறு. என் வண்டிக்கு எஸ்பி-3 தான் ஊற்ற வேண்டும் என்று கையேட்டில் அச்சிட்டிருக்கிறது. அந்த ஒர்க்ஷாப் ஊற்றியதோ ‘எல்லா வண்டிக்கும் போடலாம்’ என்று எழுதிய டப்பா. அளவு பார்ப்பதிலும் இதே அலட்சியம். எஞ்சினை அணைத்துவிட்டுக் குளிர்ந்த நிலையில் டிப்ஸ்டிக்கை உருவி, “லெவல் கரெக்டா இருக்கு” என்றார்கள். ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலும் சமதளத்தில், ஆயில் 70, 80 டிகிரிக்குச் சூடேறிய பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, லீவரை எல்லா நிலைகளிலும் ஒரு முறை நகர்த்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கடைசியில் லீவரைப் பார்க்கில் வைப்பதா நியூட்ரலில் வைப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேடு சொல்வதே சரி. டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளும் உண்டு. அவற்றில் குறிப்பிட்ட வெப்பநிலையில் ஒரு பிளக்கைத் திறந்து, ஆயில் வழிகிறதா என்று பார்ப்பார்கள். உருவிய ஆயிலை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கருகிய வாடையும் கறுத்த நிறமும் இருந்தால் கவலைப்படக் காரணம் இருக்கிறது. என் வண்டியில் கழற்றிய பழைய ஆயில் பழுப்பேறியிருந்ததே தவிரக் கருகிய வாடை இல்லை. கிளட்ச் தேய்ந்து எரிந்திருந்தால் மூக்கே சொல்லியிருக்கும் என்பதை அங்கே யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்த அடி பரனூர் சுங்கச்சாவடியில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை, ஊரெல்லாம் சென்னைக்குத் திரும்பும் நேரம். வரிசையில் நகர்ந்து நகர்ந்து ஆயில் சூடேறி, கட்டணம் செலுத்திய கையோடு அந்த இடி. இந்த முறை அணைத்து ஸ்டார்ட் செய்தும் சில மீட்டரிலேயே மூன்றாம் கியரில் போய் மாட்டிக்கொண்டது. மூன்றாம் கியரிலேயே திரும்பத் திரும்பக் கிளம்பினால் டார்க் கன்வெர்ட்டரில் ஆயில் கன்னாபின்னாவென்று சூடாகும் என்பதால் ஓரம் கட்டினேன். வந்த ரெக்கவரி ஆள் கயிற்றைக் கையில் எடுத்தார். “கயிறு வேண்டாம், பிளாட் பெட் வண்டி அனுப்புங்கள்” என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “நியூட்ரல்ல போட்டா போதும் சார், ஆயிரக்கணக்குல இழுத்திருக்கோம்” என்றார். ஆட்டோமேட்டிக்கில் கியர்களுக்கு ஆயில் அனுப்பும் பம்ப், எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சினை அணைத்துவிட்டு, எஞ்சின் விசை போகும் சக்கரங்கள் தரையில் உருள நெடுந்தூரம் இழுத்தால் உள்ளே எல்லாம் எண்ணெய் இல்லாமல் சுழலும். நல்ல கியர் பாக்ஸும் கெட்டுப்போகும். என்னுடையது முன்சக்கரம் ஓட்டும் வண்டி என்பதால், ஒன்று முன்சக்கரங்களைத் தூக்க வேண்டும், இல்லையென்றால் முழு வண்டியையும் ஏற்ற வேண்டும். பிளாட் பெட்டுக்கு 7,500 ரூபாய். அந்த நேரத்தில் அந்தத் தொகை வலித்தது. பிள்ளைகளையும் அம்மாவையும் இருட்டில் வேறொரு காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, தனியே ரெக்கவரி வண்டியின் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்த அந்தப் பயணத்தில், ஆட்டோமேட்டிக் வாங்கு என்று எனக்கு யோசனை சொன்ன அத்தனை பேர் மீதும் கோபம் வந்தது.

மறுநாள் அதிகாரபூர்வச் சேவை மையத்தில் விட்டேன். பரிசோதனைக் கட்டணம் 3,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, கியர் பாக்ஸை முழுதாக மாற்ற வேண்டும், உள்ளே பிரித்துப் பழுது பார்ப்பதில்லை என்றார்கள். 2,85,000 ரூபாய்க்கு ஒரு மதிப்பீட்டுத் தாளும் தந்தார்கள். வண்டியை விற்றால் அந்தப் பணம் தேறாது. என்ன குறியீடு வந்தது என்று கேட்டதற்கு, “டிரான்ஸ்மிஷன் ஃபால்ட் சார்” என்பதே பதில். அங்கிருந்து கியர் பாக்ஸ் மட்டுமே பார்க்கும் ஒரு கடைக்குப் போனேன். அவர்கள் 95,000 ரூபாய் சொன்னார்கள். அதில் 40,000 முன்பணம். இறக்கிய பிறகு வேண்டாம் என்றால் இறக்கிய கூலி 12,000 திரும்ப வராது. “இறக்கினாத்தான் சார் சொல்ல முடியும்” என்றார் கடைக்காரர். இறக்காமல் சொல்ல முடிந்தது எவ்வளவோ இருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆனால் அன்று, மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் வண்டிக்காக மனைவியின் நகையை அடகு வைப்பது பற்றி வீட்டில் பேச்சு எழுந்த நிலையில், எதிர்த்துக் கேட்க என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. கேள்வி கேட்டால், “நீங்களே பார்த்துக்குங்க” என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் இருந்தது.

யோசிக்க இரண்டு நாள் அவகாசம் கேட்டுவிட்டு, அந்தக் கியர் பாக்ஸ் வகைக்கான சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுத்து இரவில் உட்கார்ந்து படித்தேன். நான் பொறியாளன் அல்லன், கணக்கு எழுதுகிறவன். அதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. இந்த வகைக் கியர் பாக்ஸில் கிளட்ச்சுகளுக்குப் போகும் ஆயில் அழுத்தத்தை ஐந்து சோலினாய்டுகள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சிறு வால்வுகள், கட்டுப்படுத்துகின்றன. அவற்றைக் கணினி இயக்குகிறது. எங்காவது மின்சுற்று அறுந்தது என்று கணினி கண்டுகொண்டால், எல்லாச் சோலினாய்டுகளுக்கும் மின்சாரத்தை நிறுத்திவிடும். அப்போது வண்டி மூன்றாவது கியரில் நிற்கும்படியும், ஆயில் அழுத்தம் முழு அளவில் இருக்கும்படியும் வடிவமைத்திருக்கிறார்கள்; நடுவழியில் விடாமல் வீடு வரையாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதே நோக்கம். நான் கேட்ட இடி அந்த முழு அழுத்தத்தின் இடி. தேய்ந்த கிளட்ச் என்றால் அந்த இடிக்கு முன்பே வழுக்கும். ஆர்பிஎம் முள் மேலே ஏறும், வண்டி வேகம் எடுக்காது. என் வண்டியில் முள் ஒரு நாளும் அப்படி ஏறியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அணைத்து ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது என்பதை மட்டும் வைத்து, இது மின்சாரக் கோளாறுதான் என்று முடிவு கட்டிவிட முடியாது. கிளட்ச் வழுக்கி, உள்ளே சுழலும் வேகத்துக்கும் வெளியே வரும் வேகத்துக்கும் உள்ள விகிதம் தப்பினாலும் கணினி இதே பாதுகாப்பு நிலைக்குப் போகும், அதுவும் சாவியை அணைத்தால் நீங்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது குறியீட்டு எண்தான். பி0731 முதல் பி0734 வரை வந்தால் முறையே முதல் நான்கு கியர்களின் விகிதம் தப்புகிறது. கிளட்ச் வழுக்கலோ அழுத்தக் குறைவோ இருக்கலாம். பி0750இல் தொடங்கும் வரிசை சோலினாய்டுகளைச் சேர்ந்தது. பி0715, பி0720 ஆகியவை வேக சென்சார்களைக் குறிக்கும். ஆக, லட்ச ரூபாய் வேலைக்கும் சில ஆயிரம் ரூபாய் வேலைக்கும் இடையே நின்றது நான்கு இலக்க எண் ஒன்று. அதைத்தான் அதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

புதுப்பேட்டைப் பக்கம் ஆட்டோமேட்டிக் வண்டிகளின் மின்வேலை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவரைப் பற்றி அலுவலக நண்பர் சொன்னார். வண்டியை அங்கே கொண்டுபோனேன். விவரத்தைச் சொல்லத் தொடங்கியதுமே, “எவ்வளவு செலவாகும்னு இப்ப கேக்காதீங்க சார், மொதல்ல எங்கே போயிருக்குன்னு பார்ப்போம்” என்றார். பேட்டரியைப் பார்த்துவிட்டுத்தான் வேறு எதையும் தொட்டார், நிற்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14க்கு அருகில், எர்த் வயர் இறுக்கம். வோல்டேஜ் சரிந்தால் கியர் பாக்ஸ் கணினி கண்டபடி நடந்துகொள்ளும் என்றார். பிறகு கியர் பாக்ஸ் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினார். பி0760 என்று வந்தது, அதாவது மூன்றாவது ஷிஃப்ட் சோலினாய்டின் சுற்று. விகிதம் தப்பியதாக ஒரு குறியீடும் இல்லை. எனக்கு அங்கேயே பாதிச் சுமை இறங்கியது.

கியர் பாக்ஸின் மேல்பகுதியில் இருக்கும் கனெக்டரைக் கழற்றினார். முனைகளில் பச்சை பூத்திருந்தது, மழைநீர் புகுந்திருக்கிறது. துடைத்துச் சுத்தம் செய்தார். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து, அந்த வயர்களுக்கே 0.3 ஓம் இருப்பதைக் குறித்துக்கொண்டு, அதைக் கழித்து ஐந்து சோலினாய்டுகளையும் அளந்தார். எல்லாம் 2.9 முதல் 3.1 ஓம் வரை. மேனுவலில் 20 டிகிரியில் 2.7 முதல் 3.4 வரை இருக்கலாம் என்று நான் படித்திருந்தேன். கனெக்டர்தான் வில்லன் என்று நினைத்து மகிழ்ந்தேன். அவர் தலையாட்டவில்லை, “ஆறிப்போன வண்டிய அளந்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்” என்று சொல்லி, என்னையும் ஏற்றிக்கொண்டு அண்ணா சாலை நெரிசலில் ஊர்ந்தார். இடி வந்ததும் கடைக்குத் திரும்பி, சாவியை அணைத்து, சூடு ஆறுவதற்குள் கையுறை போட்டுக்கொண்டு மறுபடி அளந்தார். நான்கு சோலினாய்டுகள் 3.5க்கும் 3.7க்கும் இடையே காட்டின. செம்புக் கம்பி சூடானால் மின்தடை அந்த அளவுக்குக் கூடுவது இயல்புதான். மிச்சமிருந்த ஒன்றில், குறியீடு சுட்டிய அதே சோலினாய்டில், மீட்டர் எண்ணே காட்டாமல் ‘ஓஎல்’ என்றது, அதாவது சுற்று அறுந்திருக்கிறது. கால் மணி நேரம் கழித்து, இடத்தை விட்டு நகராமலே, அதே முனையில் 3.2 வந்தது. சூட்டில் விரிந்து அறுந்து, ஆறியதும் தானாகவே ஒட்டிக்கொள்ளும் சுருள். இத்தனை நாள் என்னை அலைக்கழித்தது அதுதான்.

கனெக்டரின் கியர் பாக்ஸ் பக்கத்திலேயே அறுந்து காட்டியதால் வெளி வயரிங்கைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கியர் பாக்ஸை இறக்கவும் தேவையில்லை. என் வண்டியில் கியர் பாக்ஸின் ஆயில் தட்டான பேனைக் கழற்றினாலே சோலினாய்டுகள் கைக்கு எட்டும். பேனின் அடியில் இருந்த காந்தத்தை விரலால் தடவிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் மை போன்ற மெல்லிய படிவு. அது நாட்பட்ட தேய்மானம், பயமில்லை. மினுமினுக்கும் உலோகச் சில்லுகளோ கிளட்ச் பிளேட்டின் கறுப்புத் துணுக்குகளோ கிடந்திருந்தால் கதை வேறு. கழற்றிய சோலினாய்டை ஹாட் ஏர் கன்னால் சூடாக்கி, மறுபடி ஒருமுறை அறுவதை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே புதியதை வாங்கி வரச் சொன்னார்.

புதிய சோலினாய்டு 4,600 ரூபாய், கூலி 5,000. சரியான ஆயில் 12 லிட்டருக்கு 8,400. மொத்தக் கொள்ளளவு எட்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவுதான். ஆனால் ஒரு முறை வடித்தால் ஏறக்குறைய பாதிதான் வெளியே வரும், மீதி பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். தவறான ஆயிலை வெளியேற்ற, வடித்து ஊற்றி ஓட்டி, மறுபடி வடித்து என்று மூன்று சுற்று வேண்டியிருந்தது. அந்த மெல்லிய அதிர்வு மூன்றாவது சுற்றுக்குப் பிறகு போயிற்று. ஆக 18,000 ரூபாயில் வேலை முடிந்தது. அதற்கு முன்னால் வீணான தொகை, டாக்ஸிச் செலவு சேர்க்காமல், 17,600. முதல் ஒர்க்ஷாப்பில் போய்க் கேட்டதற்கு, அடுத்த முறை வாட்டர் வாஷ் இலவசம் என்றார்கள்.

வேலை முடிந்த அன்றே வண்டி வெண்ணெயாக ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கிளட்ச்சுகள் பிடிக்க எவ்வளவு நேரம் எடுக்கின்றன என்பதைக் கணினி கற்று நினைவில் வைத்திருக்கும். பாகம் மாற்றிய பிறகு அந்தப் பழைய பாடத்தை ஸ்கேனரால் அழித்துவிட்டு, மிதமான வேகத்தில் எல்லாக் கியர்களிலும் ஓட்டிப் புதிதாகக் கற்கவிட வேண்டும். முதல் சில கிலோமீட்டர் கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு சீரானது.

உங்கள் வண்டியில் பி073 வரிசையே வந்து, ஆயிலும் கருகியிருந்தால், இறக்கத்தான் வேண்டியிருக்கும். அதற்கு முன்பாவது அழுத்தமானியைப் பொருத்தி ஆயில் அழுத்தம் அளந்தார்களா என்று கேளுங்கள். ஓவர்ஹாலில் கிளட்ச் பிளேட்டும் சீலும் மட்டும் மாற்றுகிறார்களா, ஆயிலைப் பங்கிட்டு அனுப்பும் வால்வ் பாடியைச் சுத்தம் செய்கிறார்களா, டார்க் கன்வெர்ட்டரும் ஆயில் கூலரும் கணக்கில் உண்டா என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பழைய துகள் நிறைந்த கூலரை அப்படியே மாட்டினால் புதிய பிளேட்டும் சீக்கிரம் கெடும். கழற்றிய பாகங்கள் உங்கள் கைக்கு வர வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏஎம்டி, சிவிடி, இரட்டைக் கிளட்ச் என்ற மற்ற ஆட்டோமேட்டிக் வகை வண்டிகளுக்கு உள்ளமைப்பும் ஆயிலும் முற்றிலும் வேறு என்பதால், நான் சொன்ன ஓம் கணக்குகளை அங்கே கொண்டுபோய் ஒப்பிட வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் ஆட்டோமேட்டிக் வாங்கப் போகிறவர்கள், காலை வேளையில் தெருவைச் சுற்றிக் காட்டுவதை ஏற்றுக்கொள்ளாமல், குறைந்தது முக்கால் மணி நேரம் நெரிசலில் ஓட்டி ஆயிலை நன்றாகச் சூடேற்றிப் பாருங்கள். அந்தச் சூட்டிலேயே நியூட்ரலிலிருந்து டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றி, இடிக்கிறதா, பிடிக்கத் தாமதமாகிறதா என்று கவனியுங்கள். கையோடு கியர் பாக்ஸ் கணினியைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனருடன் ஓர் ஆளை அழைத்துப் போங்கள். என் மைத்துனர் சென்ற மாதம் பார்த்த வண்டியில் குறியீடு எதுவுமே இல்லை. ஆனால் குறியீடுகள் அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம் 6 கிலோமீட்டர் என்று ஸ்கேனர் காட்டியது. அவர் வாங்கவில்லை.